கதைகள் வெளிவரவில்லை, எழுதுவதை விட்டுவிடலாமா?

கேள்வி:

அம்மா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை, இரண்டு பிள்ளைகள். அவர்களை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருப்பேன், எல்லா வேலையும் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் எழுத உட்காருவேன். படிவம் ஐந்து முடித்த நாளிலிருந்து கதை எழுதி வருகிறேன். பத்துப் பன்னிரண்டு தேறும். ஞாயிறு பதிப்புகளுக்கு அனுப்பினேன், போட்டிகளுக்கு அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. வேண்டாம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. என்னோடு படித்த தோழி போன வருஷம் புத்தகமே போட்டுவிட்டாள். "நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வைத்திருந்தால் நீயும் போடலாம்" என்கிறாள். தோட்டக் கதையெல்லாம் பழசு, இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கணவர் ஒருநாள், "ராத்திரி கண்ணு முழிச்சு எழுதி என்ன கண்டே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. எனக்குத் திறமை இல்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடலாமா? இரண்டு கதைகளை இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் இணைத்திருந்த இரண்டு கதைகளையும் படித்து முடித்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். பாட்டியின் மைலோ டின் கதையை இரண்டு முறை படித்தேன். விட்டுவிடாதீர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. காரணம் உங்கள் கதைக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பதில் வராத விஷயம். பத்திரிகைக் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பல வருஷமாகச் செய்பவள் நான். நம் நாட்டு நாளிதழ்களில் ஞாயிறு பதிப்பைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். மெய்ப்புப் பார்ப்பது, பக்கம் அமைப்பவரோடு உட்காருவது, வார நாட்களில் செய்தி மொழிபெயர்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். கதைக்கென்று ஒரு பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளம்பரம் ஒன்று வந்து விழுந்தால் அது அரைப் பக்கமாகிவிடும். உங்கள் மைலோ டின் கதை 3,500 சொற்களுக்குக் குறையாது. அந்த இடத்தில் அதை எப்படியும் போட முடியாது. 'நல்லாத்தான் இருக்கு, அப்புறம் பார்ப்போம்' என்று அவர் ஓரமாக வைத்திருந்தாலும் அந்த அப்புறம் வருவதே இல்லை. அடுத்த வாரக் கதைகள் மேலே வந்து உட்கார்ந்துவிடும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது உங்களுக்கும் தெரியும். இந்த நாட்டில் எத்தனையோ பேருடைய எழுத்து முதன்முதலில் அச்சில் வந்த பத்திரிகை அது. எழுதுகிறவர்கள் குறையவில்லை, இடம் குறைந்துவிட்டது.

ஆகவே, பதில் வராததை வைத்து உங்கள் கதை நல்ல கதையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாது. பத்து வருஷத்துக்கும் மேலாக வந்த மௌனத்தை எல்லாம் சேர்த்து, திறமை இல்லை என்று ஒரு முடிவாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். யாரும் உங்களிடம் அப்படிச் சொல்லவில்லையே!

போட்டிகள் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே படிக்கிறார்கள். ஆனால் கட்டுக் கட்டாகப் படிக்கிறார்கள். நடுவராக உட்கார்ந்தால் கண்ணில் முதலில் படுவது, எல்லாரும் ஒரே இடத்தில் கதையைத் தொடங்குவதுதான். சேவல் கூவும், அல்லது கைப்பேசி அலாரம் அடிக்கும், கதாநாயகி எழுந்து கண்ணைக் கசக்குவாள். முடிவில் ஒரு மரணம் இருக்கும், கடைசிப் பத்தியில் சமுதாயத்துக்குப் புத்திமதி இருக்கும். நீங்கள் அனுப்பிய இன்னொரு கதை, கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் ஏமாந்து திரும்பும் பெண்ணின் கதை, இந்த வகைதான். அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற இடம் வரைக்கும் எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் அரைப் பக்கத்துக்குப் பெற்றோர்களுக்கு அறிவுரை. அங்கே அவள் காணாமல் போய்விடுகிறாள். அது பரிசு பெறாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கதையை மறுபடி எடுத்தால் அந்த அரைப் பக்கத்தை வெட்டிவிட்டு, அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதோடு நிறுத்திப் பாருங்கள்.

மைலோ டின் கதை வேறு. அதன் முதல் இரண்டு பக்கமும் வரலாறு: வெள்ளைக்காரன் வந்தான், ரப்பர் நட்டான், கப்பலில் நம் ஆட்கள் வந்தார்கள், சுதந்திரத்துக்கு அப்புறம் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள், அதைத் தடுக்க, தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கினார். எல்லாம் சரியான தகவல்தான். சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர், உங்களுக்கு அந்தப் பெருமை இருப்பதும் நியாயம். ஆனால் இதையெல்லாம் நான் பாடப்புத்தகத்தில் படித்துக்கொள்வேன். மூன்றாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் கொடுக்காது.

பாட்டி சங்கத்தின் பங்கு ரசீதுகளைப் பாக்குவெட்டியோடு சேர்த்து ஒரு மைலோ டின்னில் வைத்திருக்கிறாள். படிக்கத் தெரியாது. மாதம் ஒருமுறை டின்னைத் திறந்து, பேத்தியைக் கூப்பிட்டு, ரசீதில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொல்கிறாள். அதே தொகைதான், அதே பேத்திதான். ஒருநாள் அந்தக் குட்டி குறும்புக்கு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து வாசித்துவிடுகிறாள். பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே, "அம்புட்டுப் பணம் இருந்தா ஒங்க தாத்தாவையே நான் வெலைக்கு வாங்கியிருப்பேன்டி" என்கிறாள். படிக்கத் தெரியாத பாட்டிக்கு அந்த ரசீதின் தொகை எவ்வளவு மனப்பாடம் என்று அந்த ஒரு வரியில் தெரிகிறது. பேத்தி பொய் சொன்னது தெரிந்தும் அவள் திட்டவில்லை என்பதும் தெரிகிறது. தாத்தாவோடு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதும் லேசாகத் தெரிகிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோது இந்த மாதிரி ஒரு மனுஷி எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று, முன்னால் இருக்கிற இரண்டு பக்கம் சொல்லாததை அந்த டின் சொல்லிவிடுகிறது.

இதை எழுதியவருக்குத் திறமை இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். டின்னின் மூடியைத் திறப்பதிலிருந்து கதையைத் தொடங்குங்கள். சங்கம், சம்பந்தன், துண்டாடல் எல்லாம் பாட்டி வாயிலிருந்து வருகிற அளவுக்கு வந்தால் போதும். இப்படிச் செய்தால் கதை 2,200 சொல்லுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது உற்சாகம். எழுதும் ஆசை வற்றிப்போய்விட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆசை வற்றியவர் முன்பின் தெரியாத ஒருத்திக்கு இரண்டு கதையைத் தட்டச்சு செய்து அனுப்ப மாட்டார். உங்களுக்கு இல்லாதது படிக்கிற ஆள். இத்தனை வருஷத்தில் உங்கள் கதையைப் படித்துவிட்டு, 'இந்த இடத்தில் எனக்கு அலுத்துவிட்டது, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன்' என்று சொன்னவர் ஒருவராவது உண்டா? கடிதத்தில் அப்படி யாரையும் நீங்கள் குறிப்பிடவில்லை. எழுதியதை யாருமே படிக்காத நிலையில் பத்து வருஷத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதம் நின்றதை விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ப. சிங்காரம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளம் வயதில் இந்தோனேசியாவுக்கு வேலைக்குப் போய், மேடான், பினாங்கு என்று நம் பக்கத்தில் வாழ்ந்து, போருக்குப் பிறகு மதுரைக்குத் திரும்பி நாளிதழில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்' நாவலை 1950இல் எழுதினார். அது 1959இல் கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. அடுத்து 1962இல் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' அச்சில் வர 1972 ஆகிவிட்டது. பினாங்கின் தெருக்களும் வட்டிக்கடைகளும் தமிழ் நாவலில் அந்த அளவுக்கு உயிரோடு வந்தது அதில்தான். இன்று தமிழின் சிறந்த நாவல்களைப் பட்டியலிடுகிறவர்கள் யாரும் அதை விடுவதில்லை. ஆனால் அவர் 1997இல் இறக்கும்வரை மூன்றாவது நாவல் எழுதவில்லை. அந்தப் பத்துப் பத்து வருஷக் காத்திருப்பில், கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுப் பேச அவர் பக்கத்தில் நாலு பேர் இருந்திருந்தால் நமக்கு இன்னும் இரண்டு நாவல் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அச்சு தாமதமாகலாம். படிக்கிற ஆள் தாமதமானால் எழுதுகிறவர் நின்றுபோய்விடுவார்.

நம் நாட்டு முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத ஆசைப்பட்டவர்களுக்குப் பத்திரிகை வழியாகவே பயிற்சி கொடுத்தார்கள். அதில் தேறி வந்தவர்கள் பலர் பிறகு எழுத்தாளர்களாக நிலைத்தார்கள். அதற்குக் கொஞ்ச காலத்திலேயே அந்தப் பத்திரிகைக்கு வேலைக்கு வந்த தமிழக எழுத்தாளர் கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி உள்ளூர்க்காரர்களோடு கதைகளைப் பேசினார். அவர்களுக்கு முதலில் கிடைத்தது விருதோ புத்தகமோ இல்லை. கதையை ஒழுங்காகப் படித்துவிட்டு முகத்துக்கு நேரே கருத்துச் சொல்லும் ஓர் ஆள் கிடைத்தார்.

உங்களுக்கு இரண்டு பேர் போதும். சொந்தக்காரர்கள் வேண்டாம், 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவார்கள். சுங்கை சிப்புட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் யாராவது நிச்சயம் இருப்பார், உங்களுக்கே பாடம் எடுத்தவராகக்கூட இருக்கலாம். ஈப்போ பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே இலக்கியக் கூட்டம் நடந்தால் ஒரு தடவை போய், கேள்வி கேட்கிறவர்களைக் கவனியுங்கள். மேடையில் பேசுகிறவரை விட, கதையைப் பற்றிக் கூர்மையாகக் கேள்வி கேட்கிற ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர். மூன்று பேர் மட்டும் இருக்கிற ஒரு புலன (வாட்ஸ்அப்) குழு போதும். மாதத்துக்கு ஒருவர் ஒரு கதை அனுப்ப வேண்டும், மற்ற இருவரும் பத்து நாளுக்குள் படித்துவிட வேண்டும். காலை வணக்கப் படங்கள் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படித்தவரிடம் 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்றுதான் உண்டு. 'எந்த இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, 'கதையில் இப்போது எது ஞாபகம் இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் மைலோ டின் என்று சொல்வார், வெள்ளைக்காரன் ரப்பர் நட்டதைச் சொல்ல மாட்டார். அப்போது எதை வெட்ட வேண்டும் என்று உங்களுக்கே புரிந்துவிடும். நீங்களும் அவர்கள் கதைகளை அதே அக்கறையோடு படிக்க வேண்டும். அடுத்தவர் கதையில் அலுக்கிற இடம் கண்ணில் பட ஆரம்பித்தால் சொந்தக் கதையிலும் படும்.

தோட்டக் கதை பழசு என்று சொன்னவரைப் பற்றி. கெடாவின் தோட்டப்புற மனிதர்களை எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். தோட்டத்தையே பார்த்திராதவர்கள் அந்தக் கதைகளைத் தேடிப் படித்தார்கள். பழசாகிப் போனது தோட்டம் என்று நான் நினைக்கவில்லை. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) தப்பு மேளம் அடிப்பது, குடிகாரக் கணவன், இரக்கமில்லாத கிராணி என்று எல்லாரும் எழுதிய அதே நாலு காட்சிகள்தான் பழசு. உங்கள் பக்கத்து இன்றைய தோட்டத்தை யார் எழுதியிருக்கிறார்கள்? நம் ஆட்கள் இருந்த லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் லுங்கியைக் காயப்போடுகிறார்கள். தோட்டத்தில் தமிழ்க் குடும்பமே இல்லாத இடத்தில் தமிழ்ப்பள்ளி மட்டும் நிற்கிறது, தாமானிலிருந்து வேனில் பிள்ளைகள் வருகிறார்கள். நாட்டில் இருக்கிற 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இப்படிப்பட்டவை நிறைய. வருஷத்தில் ஒருநாள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், மறுநாள் காலையில் கோயிலில் பூசாரியும் நாயும்தான். அப்புறம், நீங்களே ஒரு கிராணி! செம்பனைக் குலையோடு வரும் லாரிகளை எடை மேடையில் நிறுத்தி வைத்து டிரைவரோடு மல்லுக்கு நிற்கிற ஒரு தமிழ்ப் பெண்ணை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை. நம் கதைகளில் கிராணி என்றால் எப்போதும் ஓர் ஆண், எப்போதும் வில்லன். உங்கள் மேசையிலிருந்து அந்த உலகத்தை எழுதுங்கள். எனக்குப் படிக்க ஆசையாக இருக்கிறது.

நாலாயிரம் வெள்ளிப் புத்தகம் இப்போது வேண்டாம். நம் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நூல் பெறுநர், மாலை, பொன்னாடை, உறைக்குள் பணம், கடைசியில் மீ கோரேங். அந்தப் பணத்தில் அச்சுக் கூலி திரும்பிவிடும் என்பதும் பல சமயம் உண்மைதான். அன்புள்ளவர்கள்தான் வருகிறார்கள், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தை வாங்கிப் போகிறவர்கள் உங்களை வாழ்த்த வாங்குகிறார்கள், பெரும்பாலும் படிப்பதில்லை. அச்சிட்டதில் பாதி உங்கள் வீட்டு அறையில் பெட்டியாகக் கிடக்கும். இன்றைக்கு இருக்கிற மௌனம் அப்போதும் இருக்கும், மேலே நாலாயிரம் வெள்ளிச் செலவும் சேர்ந்திருக்கும். இரண்டு மூன்று கதை வெளிவந்து, நாலு பேர் அதைப் பற்றிப் பேசிய பிறகு தொகுப்பைப் பற்றி யோசியுங்கள். தோழி மேல் பொறாமையாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எழுதுகிற எல்லாருக்கும் வருவதுதான். அவர் புத்தகத்தைக் கையில் பென்சிலோடு படியுங்கள். பிடித்த ஒரு வரியையாவது போன் செய்து அவரிடம் சொல்லுங்கள். அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் அவராகவே இருக்கலாம்.

கதையை எங்கே அனுப்புவது என்பதிலும் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஞாயிறு பதிப்பு என்றால் 1,200 சொல்லுக்குள் எழுதி அனுப்புங்கள். நீளமான கதை என்றால் இங்கே வல்லினம், வெளியே சொல்வனம் போன்ற இணைய இதழ்களுக்கு அனுப்புங்கள். அவர்களுக்குப் பக்கம் அடங்குமா என்ற கவலை இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி அறிவிப்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். எந்தக் கதை எந்தத் தேதியில் எங்கே போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லை என்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, வேறு கதையில் இறங்கிவிடுங்கள். காத்திருப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டால் எழுதுகிற வேலை நின்றுபோகும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நேரம். ஆலை, சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் மனசு ஒத்துழைக்காது, உடம்பும் கெட்டுப்போகும். தினமும் ஆயிரம் சொல் என்று சபதம் எடுக்காதீர்கள், மூன்றாவது நாள் சபதம் உடையும், அதோடு எழுத்தும் நிற்கும். பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருப்பதாக ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. கைப்பேசியை டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு ஒரு காட்சி எழுதுங்கள், வாரத்தில் இரண்டு காட்சி போதும். எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு புதுக் கதையில் தொடங்க வேண்டாம், வெள்ளைத்தாள் பயமுறுத்தும். மைலோ டின் கதையின் மூன்றாம் பக்கத்தைக் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். பாதியில் நீங்களே ஏதாவது ஒரு சொல்லை மாற்றுவீர்கள்.

உங்கள் கணவர் கேட்டது தப்பான கேள்வி இல்லை. ராத்திரி தூங்காமல் நீங்கள் மெலிவதைப் பார்க்கிறார், அதனால் என்ன கிடைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதியது எதையாவது அவருக்குக் காட்டியிருக்கிறீர்களா? விவாதம் பண்ண வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பாட்டி தாத்தாவை விலைக்கு வாங்குகிற அந்த ஒரு பத்தியை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் அவர் வீட்டிலும் ஒரு டின் இருந்திருக்கும்.

திருத்திய கதையின் முதல் இரண்டு பக்கத்தைத் தீபாவளி முடிந்ததும் இந்தப் பகுதியின் முகவரிக்கே அனுப்புங்கள். எனக்கு எங்கே அலுத்தது என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.